அடுப்புக்கு எதிர் மேஜை

முதல் பேன்கேக்கைத் தட்டில் போட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டலில் அது தட்டில் விழும்போது மெல்ல ஒரு மூச்சு விட்டு உட்காரும். இது தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது. இருந்தாலும் வெண்ணெய் வைத்து, சிரப் ஊற்றி, முன்னறைக்கு எடுத்துப் போனாள்.

அங்கே, வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாமனாரைத் தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். என்ன அவசரமானாலும் நிதானமாகவே ஓட்டுவார் என்பதால் டிப்போவில் அவருக்கு ‘அரை கியர்’ என்று பெயர். ஈரல் கைவிட்டுவிட்டது. இனி வீட்டுக்குக் கூட்டிப் போய், கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தால் சப்பிக்கொள்வார், அவ்வளவுதான். இன்று காலை திடீரென்று கண்ணைத் திறந்து, பேன்கேக் வேண்டும் என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓட்டலில் போடுகிற மாதிரி.

மகன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான். ஏ.சி. பழுதுபார்க்கிறவன், பேச்சு அளந்துதான் வரும். பைக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தான். வருவதற்குள் டப்பாவுக்குள் அது வியர்த்து, தோய்த்துப் பிழிந்த துணியாகியிருந்தது. கிழவர் ஒரு துணுக்கை வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பினார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அப்போதுதான் அவள், நான் வீட்டிலேயே செய்து தருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது அவள் கொண்டுவந்த தட்டை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டிப்போவுல குடு. பஞ்சர் ஒட்டுவாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது, அதைவிட மோசம். வேகட்டும் என்று தீயைக் கூட்டி வைத்தாள். வெளியே கருகி, உள்ளே மாவாகவே இருந்தது. அதை அவரிடம் காட்டவேயில்லை.

கணவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“அவரால தண்ணியே முழுங்க முடியல. எதுக்கு இப்படிக் கிடந்து அல்லாடறே?”

அவள் பேக்கிங் பவுடர் டப்பாவைக் குலுக்கினாள். பவுடர் கட்டிதட்டிப் போயிருந்தது. எந்தக் காலத்தில் வாங்கியதோ. ஒரு சிட்டிகையை எடுத்து வெந்நீரில் போட்டாள். நுரைக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“அப்பா டீ கூட வெளியில குடிக்க மாட்டார். அந்த ஓட்டல் அவருக்கு எப்படித் தெரியும்?”

அவள் டப்பாவை அவன் கையில் கொடுத்து, இது செத்துப்போயிற்று, புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள் என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த ஓட்டலை மாமாவுக்குத் தெரிந்தது அவளால்தான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து அவளுக்கு ஒரு குழந்தை உண்டானது. குறைமாதத்தில் போய்விட்டது. அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கணவன் பேச்சை நிறுத்திவிட்டான். கோபமில்லை, குத்தலில்லை, வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவான். ஒருநாள் அவள் நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பாலத்தருகே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாமியார் போய்ச் சேர்ந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அவர் பையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பசிக்கிறது, வா என்றார்.

எதிரில் இருந்தது அந்த ஓட்டல். மெனு அட்டையில் இருந்த பெயர் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்து மேஜைத் தட்டைக் காட்டி, அதில் இரண்டு என்றார். திறந்த அடுப்புக்கு நேர் எதிரே அவர்களுக்கு மேஜை கிடைத்திருந்தது. பேச இருவருக்கும் எதுவும் வரவில்லை. அதனால் அடுப்படியில் நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன்கேக் வந்தது. பூப்போல இருந்தது. அவர் தன்னுடையதை முடித்து, அவள் வைத்திருந்ததிலும் பாதியைச் சாப்பிட்டார். பிறகு ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

“உங்கம்மா வீடுன்னாலும் சரி, நம்ம வீடுன்னாலும் சரி. எங்கேன்னு மட்டும் சொல்லு. கொண்டு விடறேன்.”

நம்ம வீடு என்று அவள் சொன்னாள். அன்று மாலை, கண்ணாடிக்கடைக்குப் போனோம், என் பவர் மாறியிருக்கிறது என்று மகனிடம் சொல்லிவிட்டார். அதற்குப்பின் இத்தனை வருடத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

புது டப்பா வந்தது. அவள் மறுபடி மாவைச் சலித்து, முட்டையை உடைத்து, பாலை ஊற்றி அடிக்கத் தொடங்கினாள். கரண்டிச் சத்தம் முன்னறை வரை கேட்டிருக்க வேண்டும்.

“அம்மாடி” என்று கூப்பிட்டார். போனாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“அவன் இப்படி அடிக்கல. ரெண்டு கிண்டு, அவ்ளோதான். மாவு கட்டி கட்டியாத்தான் இருந்துச்சு.”

அவளுக்கு ஓட்டல்காரனின் மாவுப் பாத்திரம் கண்முன் வந்தது. ஆமாம், கலந்ததும் ஓரமாக வைத்துவிட்டுப் போய் மேஜை துடைத்தான், மாவைக் கொஞ்சம் சும்மா விட்டான் என்றாள்.

“வெண்ணெயைப் போட்டுத் துணியால துடைச்சான்.”

“துடைச்சிட்டுத்தான் ஊத்தினான். அதான் திட்டுத்திட்டா இல்லாம ஒரே நிறமா இருந்துச்சு.”

“திருப்பினப்புறம் தொடவே இல்ல. நீ கரண்டியால அமுக்கறே.”

படுத்த இடத்திலிருந்து, அவள் அமுக்கியதை அவர் எப்படிப் பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை. தட்டில் வந்ததைப் பார்த்தே சொல்லியிருப்பார்.

கட்டிகளை அப்படியே விட்டாள். மாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். சும்மா நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு தவாவில் வெண்ணெயைப் போட்டுத் துடைத்து, சிறு தீயில் ஒரு கரண்டி ஊற்றினாள். மேலே குமிழிகள் வந்தன. அவை உடைந்து, உடைந்த ஓட்டை மூடாமல் நின்றபோது திருப்பினாள். அது தானாகவே மெல்ல எழும்பி வந்தது.

ஒரு நகத்தளவு பிய்த்து, சிரப்பில் தொட்டு, அவர் நாக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“இதேதான்” என்றார்.

கணவன் துவைத்ததைக் காயப்போடக் கொல்லைக்குப் போயிருந்தான். இனிக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

“மாமா, நான் எங்க கிளம்பினேன், எதுக்குக் கிளம்பினேன்னு அன்னிக்கு நீங்க கேக்கவே இல்லையே?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கம் கோணியது.

“டிக்கெட் கேக்கறது கண்டக்டர் வேலைம்மா.”

பிறகு, இன்னொன்று சூடாகப் போடு என்று விரலால் காட்டினார். அவள் அடுப்படிக்குப் போய் ஊற்றினாள். கணவன் வந்து அப்பாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது கேட்டது. குமிழிகள் வரத் தொடங்கியிருந்தன.

“இங்க கொஞ்சம் வா” என்றான் அவன். சத்தம் போடவில்லை.

அவர் தலை, தூங்கும்போது சாய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. உதட்டோரம் சிரப் பளபளத்தது. அவள் புடவை நுனியால் அதைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கருகல் வாடை வந்தபோது கணவன்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தான்.

அதன்பின் வீடு அவர்கள் கையில் இல்லை. யார் யாருக்கோ போன் போயிற்று. சொந்தக்காரர்கள் வந்தார்கள். பழைய டிரைவர்கள் கும்பலாக வந்து, அரை கியர் கடைசிப் பயணத்தையாவது வேகமாக முடித்துக்கொண்டாரே என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள். பிற்பகலில் எடுத்துப் போனார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அவள் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றான்.

“காலையில கேட்டேன். நீ சொல்லல” என்றான்.

அவள் சொன்னாள். பையை, பஸ் நிறுத்தத்தை, மேஜையை, கண்ணாடிக்கடைப் பொய்யை, எதையும் விடாமல் சொன்னாள். முடிந்ததும், ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டான்.

“தெரியல. எங்கே வேணா போலாம்னு ஆனதும் போகத் தோணல.”

அவன் உள்ளே போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் போகவில்லை.

“பொண்ணு” என்றான். “நம்ம குழந்தை. என் கையில குடுத்தாங்க. நீ மயக்கத்துல இருந்தே. மூக்கு அப்படியே அப்பா மூக்கு.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, படியில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். எதிரே கொடியில், காலையில் அவன் காயப்போட்ட அப்பாவின் சட்டைகள் மொடமொடவென்று காய்ந்து தொங்கின. இருட்டிக்கொண்டு வந்தது. இருவரில் யாரும் எழுந்து அவற்றை எடுக்கவில்லை.