பால் வற்றும் மாத்திரை

2001 தை மாதம் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் தம்பி கர்ணன், அவன் மனைவி பிச்சையம்மாள், அவர்கள் மகள் ஞானசெல்வி, அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் தகப்பனார், தேவாரம் ஊர்க்காரர் கருத்தக்கண்ணன். வேறு யாரும் இல்லை.

கருத்தக்கண்ணன் காபியைத் தொடவில்லை.

"சம்பந்தி, உங்க பிள்ளை எங்க ஊர் மெடிக்கல்லதான் மாத்திரை வாங்குதாம். கைப்பிள்ளையப் பறிகொடுத்தவகளுக்குப் பால் வத்தக் குடுக்குற மாத்திரையாம். கன்னிப்பிள்ளைக்கு அது என்னத்துக்கு?"

உள்ளூரில் வாங்கினால் பேச்சு வரும், தேவாரத்தில் வாங்கு என்று சொன்னவன் நான். அப்போது இந்தச் சம்பந்தம் பேசியிருக்கவில்லை. தலையில் சின்னக் கட்டி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். பால் சுரக்கும் சங்கதியைச் சொல்லவில்லை.

ஞானசெல்வி தலை குனியவில்லை.

"மாமா, மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. அதுல கட்டி. பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அது கொட்டுது. கட்டியோட செல்லுல ரிசப்டார் இருக்கு. மாத்திரை அதுல போய் ஒட்டுனா சுரப்பும் நிக்கும், கட்டியும் சுருங்கும். மதுரை டாக்டர் சொன்னாக."

"ரிசப்டாரு," என்றார் கருத்தக்கண்ணன். "பேரு நல்லாத்தான் இருக்கு. அப்பன் பேரு என்ன?"

பிச்சையம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கர்ணன் என்னைப் பார்த்தான். வந்தவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். நான் உள்ளே போய், மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து, அவர் கண்முன்னே வாசல் வாய்க்காலில் வீசினேன்.

"இனி இந்த வீட்டுல இது நுழையாது."

"பெரியப்பா, நிறுத்துனா கட்டி வளரும்."

"பேச்சு வளராதுல்ல."

அவள் என் சொல்லை மீறியதில்லை. சம்பந்தம் அப்படியும் முறிந்தது. எட்டு மாதம் தலைவலியோடு கிடந்தாள். பிறகு நிலைப்படியில் தோள் இடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நிற்பவர்கள் தெரியவில்லை என்றாள்.

மதுரையில் மறுபடியும் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் கட்டி பாதியானது. பார்வை நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்ததால் பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. நேரே இருப்பது தெரியும். நான் அருகில் உட்கார்ந்தால் தெரியாது. நானாக எதிரே போய் நிற்பதும் இல்லை.

மாத்திரை கேட்காமல்தான் அவளுக்குப் பார்வை போனது என்று தேவாரத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். மாத்திரை கேட்டது. நிறுத்தியது நான்.