ஏழாம் மிதவை வரை

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் எங்கள் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து செய்தோம். ஒரு குளிர்காலம் முழுக்க, சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நானும் என் புருஷன் ரஸ்ஸலும்.

எங்கள் ஸ்கார் ஆறு பார்க்கத்தான் அகலம். உள்ளே முழுக்க மணல் திட்டு. கடலிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் ஆற்று வாயில் துறைமுகப் பைலட் ஒருவர் ஏறி, மிதவைகளுக்கு நடுவே வழி சொல்லிக் கூட்டிவர வேண்டும். அது சட்டம். ஆனால் கப்பலின் அதிகாரியே இந்த ஆற்றைக் கரைத்துக் குடித்தவர் என்று துறைமுகத்தார் பரீட்சை வைத்துச் சான்று கொடுத்துவிட்டால் பைலட் வேண்டாம். விலக்குச் சான்று என்று அதற்குப் பெயர். பைலட் கூலி மிச்சம் என்பதால் கம்பெனிகளுக்கு அந்தத் தாள் மேல் கொள்ளை ஆசை.

ரஸ்ஸல் ஹாலந்துக்கும் எங்கள் ஊருக்கும் உரம் ஏற்றி வரும் சின்னக் கப்பலில் முதல் அதிகாரி. ஒப்பந்த வேலை. சான்று வாங்கினால் நிரந்தரம் என்று கம்பெனி ஆசை காட்டியது. பரீட்சையில் வெற்றுத்தாளைக் கொடுத்து ஆற்றை மனசிலிருந்து வரையச் சொல்வார்கள். ஒரு மிதவை, ஒரு விளக்கு விட்டுப்போகக் கூடாது. நான் வரைபடத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு கேட்பேன்.

"ஏழு?"

"ஏழு, பச்சை. தேவாலயக் கோபுரம் நேரா வந்ததும் இடப்பக்கம் வளை. நேரா போனா மரக்கிடங்குத் துறைமேடை."

"எட்டு?"

"எட்டு, சிவப்பு. போதும்மா, தூக்கம் வருது."

"தூங்கிட்டா கம்பெனிக்காரன் வந்து எழுப்புவானா? சொல்லு, ஒன்பது?"

அப்படி விரட்டி விரட்டிப் படிக்க வைத்தேன். ஆற்றில் ஒரு நாள்கூடப் போகாத எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பரீட்சை வைத்த மூத்த பைலட் கிளைவ் டென்பி, இவ்வளவு சுத்தமான படத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாராம். சான்றைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம். ஜின் பாட்டில் ஒன்றும் காலியானது. எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு!

அதற்கப்புறம்தான் வினை. கப்பலில் கேப்டனும் இவனும் ஆறு மணி நேரம் மாற்றி ஆறு மணி நேரம் கப்பலை ஓட்டிக் காவல் நிற்பார்கள். கேப்டனிடம் சான்று கிடையாது. ஆகவே ஆற்றுக்குள் நுழையும் நேரம் யாருடைய முறையானாலும் சரி, ரஸ்ஸல்தான் மேலே வந்து நிற்க வேண்டும். கடல்நீர் பொங்கி ஓதம் ஏறும்போதுதான் கப்பல் நுழையும்; ஓதம் இவன் தூக்கத்தைக் கேட்டா ஏறுகிறது? தன் முறைக்கும் நின்று, ஆற்றுக்கும் நின்று, கரை சேர்ந்ததும் சரக்கு இறக்கவும் நிற்பான். முன்பு பைலட் வந்து செய்த வேலை அப்படியே இவன் தலையில். கம்பெனிக்காரன் ஒரு ஆளைக் கூடப் போட்டானா? போட மாட்டான் பாவி.

துறைமேடையில் கப்பல் வடங்களை வாங்கிக் கட்டுகிற லெஸ்ஸுக்கு யாரையும் சீண்டாமல் இருக்க முடியாது. மதுக்கடையில் ஒரு தடவை என் எதிரிலேயே கேட்டார்:

"ஏம்ப்பா ரஸ்ஸல், பைலட் ஏறுனா அவருக்குச் சூடா காப்பி, பன்றிக்கறி வச்ச ரொட்டி. அதே வேலைக்கு உனக்கு என்னப்பா தர்றாங்க?"

"சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்கல்ல? அதைத்தான் திங்கிறேன்."

"உப்பு போட்டுத் தின்னு. தங்கச்சி, உன் வீட்டுக்காரன் கண்ணைப் பாரு, நெத்திலி மீன் கண்ணு மாதிரி கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்ஸலும் சிரித்தான், சிரித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியில் தூங்குவான். தூக்கத்தில் மிதவைகளை ஒப்பிப்பான்: ஐந்து, ஆறு, ஏழு பச்சை, எட்டு சிவப்பு. குரலில் ஒரு தடுமாற்றம் இருக்காது. விழித்திருப்பவன் போலவே சொல்வான்.

நான் நேராக டென்பி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஐயா, அவனோட சான்றை ரத்து பண்ணிடுங்க."

"என்னம்மா டெனிஸ், எல்லாரும் வேணும்னு வருவாங்க, நீங்க வேணாங்கிறீங்க?"

"அவன் தூங்குறதே இல்லை. நின்னபடியே செத்துக்கிட்டிருக்கான்."

"அவனுக்கு ஆறு தெரியுமான்னு பார்க்கத்தாம்மா எனக்கு அதிகாரம். தூங்குனானான்னு பார்க்க இல்லை. பெண்டாட்டி சொன்னான்னு பறிக்க முடியாது. அவனே வந்து, என்னால முடியலைன்னு திருப்பிக் குடுக்கணும். குடுத்தா அந்த நிமிஷமே வாங்கிக்கிறேன்" என்றார் டென்பி.

வீட்டில் இதைச் சொன்னதும் ரஸ்ஸல் குதித்தான்.

"என் பொழப்புல மண்ணைப் போடவா அங்க போனே?"

"பொழப்பா அது? ஆறு உன்னை விழுங்குறதுக்குள்ள குடுத்துடு."

"குடுத்தா மறுநாளே கம்பெனிக்காரன் வேற ஒருத்தனை ஏத்துவான். எனக்கு இந்த ஆறு கண்ணை மூடிக்கிட்டுப் போனாலும் தெரியும்டி!"

"மூடிக்கிட்டுத்தானே போறே!"

பையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டான். மறுபடி ஹாலந்து போய் வரும் வரை ஒரு போன் இல்லை. நானும் பண்ணவில்லை. வீம்பு, இருவருக்கும்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து ஏழாம் மிதவையும் ஆற்று வளைவும் தெரியும். ஜன்னல் திட்டில் ஒரு பழைய வயர்லெஸ் பெட்டி. கப்பல்களும் துறைமுகமும் பேசுவதைக் கேட்கலாம், அவ்வளவுதான். நாம் பேச முடியாது. எங்கள் தெருவில் மாலுமி வீடு எதிலும் அது அணைவதே இல்லை. அன்றைக்குக் காலை பளிச்சென்று வெயில். முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றும்போது அவன் குரல் வந்தது.

"துறைமுகம், ஏழாம் மிதவை, உள்ளே வர்றோம்."

கோபமெல்லாம் போய்விட்டது. வந்துவிட்டான், சாப்பிட்டுத் தூங்கட்டும், சண்டையை அப்புறம் பார்க்கலாம் என்று இன்னொரு முட்டையை உடைத்தேன். வயர்லெஸ்ஸில் மறுபடி அவன்:

"எட்டாம் மிதவை, உள்ளே வர்றோம்."

அதற்குள்ளாகவா? நிமிர்ந்து பார்த்தேன். கப்பல் திரும்பவே இல்லை. கோபுரத்துக்கு நேரே வந்து, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல், மரக்கிடங்குத் துறைமேடையை நோக்கி அம்பு மாதிரி வந்துகொண்டிருந்தது.

துறைமுகக்காரர் கேட்டார்: "எட்டுங்கிறீங்க, ரேடார்ல இப்பதானே ஏழு தாண்டுறீங்க? உங்க திசையைச் சொல்லுங்க."

"ஒன்பது, பச்சை. பத்து, சிவப்பு."

ஐயோ! அது அறிவிப்புக் குரல் இல்லை. என் சமையலறை மேசைக் குரல். தூங்குகிறான்! "ரஸ்ஸல்! ரஸ்ஸல், எழுந்திரு!" என்று அந்தப் பெட்டியைப் பிடித்து உலுக்கினேன். கேட்க மட்டுமே தெரிந்த பெட்டி. கூட இருந்த மாலுமி வடம் எடுத்துப்போட முன்பக்கம் போயிருந்தானாம். கேப்டன் கீழே, தன் முறைத் தூக்கத்தில். ரஸ்ஸலின் போனுக்கு அடித்தேன்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

துறைமேடையடியில் ஒரு சின்னப் படகு. கப்பல் வளைந்ததும் பின்னாலேயே போய் வடம் வாங்கக் காத்திருக்கும் லெஸ்ஸின் படகு. அவருக்கு அடித்தேன்.

"என்ன தங்கச்சி, வந்துட்டார் உன் மகாராசன். வர்ற வேகத்தைப் பார்த்தா வீட்டுக்குள்ளயே கப்பலை ஏத்திடுவான் போல—"

"ஓடுங்க லெஸ்! அவன் தூங்குறான்! ஏறி ஓடுங்க!"

"யாரு தூங்குறா?" என்றார். அதன் பிறகு மரம் முறியும் சத்தம். அதை நான் போனில் ஒரு தடவையும், ஜன்னல் வழியாக இன்னொரு தடவையும் கேட்டேன்.

லெஸ்ஸை மறுநாள்தான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

விசாரணையில் கேப்டன், தான் விதிப்படி ஓய்வில் இருந்ததாகச் சொன்னார். கம்பெனி வக்கீல், சான்று யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். டென்பி அந்தப் பரீட்சைப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, இது ஆறு தெரியாமல் நடந்ததல்ல என்றார். படம் ஒவ்வொருவர் கையாகப் போனது. லெஸ்ஸின் மனைவியிடம் வந்தபோது அவள் அதை வாங்கவில்லை. ரஸ்ஸல் தலையே தூக்கவில்லை.

சான்றை ரத்து செய்தார்கள். நான் டென்பி வீட்டு வாசலில் நின்று கேட்டேனே, அதே ரத்து. வேறொரு அதிகாரி இப்போது அந்தக் கப்பலைத் தனியாகத்தான் கொண்டுவருகிறான். வயர்லெஸ்ஸை நான் குப்பையில் போட்டுவிட்டேன்.

ரஸ்ஸல் இப்போது பகலெல்லாம் தூங்குகிறான். ஒப்பிப்பது நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு பச்சை என்று வருவான். அங்கே நின்றுவிடுவான். முன்பெல்லாம் மேசையில் படிக்கும்போது தடுமாறினால் அடுத்ததை நான்தான் எடுத்துக்கொடுப்பேன். இப்போது கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.