தேவராஜா கடக்கின்ற பாலம்

தேவராஜா அந்த மரப்பாலத்துக்குள் கால் வைத்து ஒன்பது வருடமாகிறது. இன்னும் அக்கரை போய்ச் சேரவில்லை. அவர் புலம்பெயர்ந்து வந்த இக்காஸ்டு நகரத்துக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே, கூரையும் சுவருமாக இருநூறு வருடமாய் நிற்கிற பாலம் அது. நீளம் அறுபது பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு பலகைக்கு மூன்று மாதம்.

அவர் போனது சண்டை பிடிக்க. மகள் தபிதா, அக்கரையில் இருக்கும் லவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். லவன் வீட்டார் சைவம், இவர்கள் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர். "அவையின்ரை முகத்துக்கு நேரை நாலு கேள்வி கேட்டுட்டு வாறன்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு விறுவிறென்று போனவர், பாலத்துக்குள் இப்படியானார். சாப்பாடு, கதை, கோபம் எல்லாம் வழமைபோல. அக்கரைப் பக்கம் அசைவது மட்டும் மெதுவாக. திரும்பி வரலாமே என்றால், வைத்த காலைப் பின்னுக்கு எடுக்கமாட்டாராம். சரியான வீம்பு பிடித்த மனிதர்! டொக்டர் வந்து பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. ஊர் நிர்வாகமான கொம்யூன் அவருக்கு ஒரு மஞ்சள் மேலங்கி கொடுத்து, சைக்கிள்காரர் மணியடிக்கவேண்டும் என்று அறிவித்தல் மாட்டியது. மனைவி தேவமலர் தினமும் சோறு கொண்டுபோனாள்.

தபிதாவுக்கு வேலை அக்கரையில், முதியோர் இல்லத்தில். முதல் மூன்று வருடம் அவள் கடந்துபோகும்போது அவர் சுவரைப் பார்த்தார். நாலாம் வருடம் வாய் திறந்தார்.

"அவை மச்சம் மாமிசம் சாப்பிடுவினமோ?"

"ஓம் அப்பா. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை."

"ம்."

அந்த "ம்" போதும் என்றான் லவன். தபிதாவுக்குப் போதவில்லை. அப்பா கையைப் பிடித்துக் கொடுக்காமல் அவளுக்குக் கலியாணம் இல்லை.

எட்டாம் வருடம் தேவமலர் மாரடைப்பில் இறந்தாள். கல்லறைகள் இருக்கும் சேமக்காலையும் அக்கரையில்தான். பெட்டியைப் பாலத்தால் கொண்டுபோகவேண்டும் என்று தபிதா கேட்டாள். லவனும் ஒரு பக்கம் தூக்கினான். தேவராஜா தோள் கொடுத்தார். ஒரு கணம்தான், பெட்டி அவரைக் கடந்து போய்விட்டது. "கொஞ்சம் நில்லும் மலர், நானும் வாறன்," என்று கத்தினார். தபிதா அதைக் கேட்டாள். இனி அப்பாவை விட்டுவிட்டு ஒன்றும் நடக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

கலியாணம் இந்த ஆனியில், முப்பத்தாறாம் பலகையில் நடந்தது. பாஸ்டர் வந்தார். லவனின் தாய் தாம்பாளத்தோடு வந்தாள். லவன் அக்கரைப் பக்கமாக நின்று கையை நீட்டினான். மகளின் கையைப் பிடித்து அவன் கையில் வைக்கத் தேவராஜாவுக்கு ஐந்து நாள் எடுத்தது. சனம் கதிரை போட்டு இருந்தது, முறை வைத்து வேலைக்கும் போய்வந்தது. தபிதாவின் முழங்கைக்குக் கீழே யாரோ தலையணை வைத்தார்கள். சைக்கிள்காரர் மணியடித்து, இறங்கி, அந்தக் கைகளுக்குக் கீழால் குனிந்து போனார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கை கையில் சேர்ந்தது.

"பாத்துக்கொள்ளும் தம்பி," என்று தேவராஜா அழுதார். பிறகு லவனின் தாயைப் பார்த்தார். "உங்கடை வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறன், தங்கச்சி. இன்னும் ஆறு வருசம் பிடிக்கும்."

"ஆறுதலா, மெல்ல மெல்ல வாங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டு அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனாள்.