மிதக்கும் வீட்டுக்கு வாங்கிய சங்கிலி

காலையில் எழுந்ததும் படகுச் சாமான் கடைக்காரன் பல் துலக்கினான், அடுப்பில் தண்ணீர் வைத்தான், கதவைத் திறந்து வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தான். வாசல் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இருந்தது. வீடு கிளம்பியிருந்தது. படிகள் மட்டும் தரையோடு நின்றுவிட்டன. அடித்தளம் இருந்த இடத்தில் ஈரமான சதுரப் பள்ளமும், சில மண்புழுக்களும், எப்போதோ தொலைந்துபோன ஒரு ஸ்பூனும் தெரிந்தன. முறிந்த குழாயிலிருந்து தண்ணீர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாலில்லாத டீயைக் குடித்தான். பிறகு ஜன்னல் கம்பியில் ஒரு போர்வையைக் கட்டி, அதைப் பிடித்து இறங்கி, பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கக் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போனான்.

அவன் மனைவி இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவது நின்ற பிறகுதான் வீடு எழும்பியது என்பதைத் தெருவில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருந்தவரை அது எழும்பியிருக்க முடியாது என்றும் சொன்னார்கள். முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் அந்தப் பக்கமாக வேலை இருந்தவர்கள் மட்டும் அண்ணாந்து பார்த்தார்கள். அதன் பிறகு வீட்டைப் பற்றி வந்ததெல்லாம் புகார்தான். கடல்காற்று அடிக்கும்போது வீடு தெருவுக்குள் தள்ளி வந்து எதிர்வீட்டு டீச்சரின் கொடித்துணிகள்மேல் நிழல் போட்டது. கரைக்காற்று அடித்தால் துறைப் பக்கம் நகர்ந்து, அங்கே வலை காயப்போட்டவர்களுக்கு இடைஞ்சல் செய்தது. நகராட்சி ஓவர்சியர் டேப்போடு வந்தார். வீட்டைத் தரைத்தளம் என்று எழுதுவதா, முதல் தளம் என்று எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்து, கீழே எதுவும் இல்லாததால் முதல் தளம் என்று முடிவு செய்தார். காற்றுக்காலம் வருவதற்குள் ஒழுங்காகக் கட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் வீடு கடலுக்குப் போய்விடும், ஆள் உள்ளே இருந்தால் ஆளும் போய்விடுவான் என்று எச்சரித்தார். அவர் மிகைப்படுத்தவில்லை. வடக்குத் தெருவில் முன்பு ஒரு முடிதிருத்துபவரின் கடை அப்படித்தான் போனது. சரக்குக் கப்பல்காரர்கள் அதை நடுக்கடலில் பார்த்திருக்கிறார்கள், சுழல் நாற்காலி சுற்றிக்கொண்டிருந்ததாம்.

கடைக்காரனுக்கு இது ஒரு பெரிய வேலையே அல்ல. வேதியியல் படித்துவிட்டு அவன் இந்தக் கடையைத் தொடங்கியபோது ஊர் சிரித்தது. பிறகு அவன் கடைச் சாமானில் கட்டிய படகு எதுவும் இரவோடு இரவாகக் காணாமல் போகவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பதை நிறுத்தியது. கடையில் அவன் கேட்கும் முதல் கேள்வி படகு எத்தனை அடி நீளம் என்பது அல்ல. “யாரு ஏறுவாங்க?” என்றுதான் கேட்பான். நான் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், வீட்டில் யார் காத்திருப்பார்கள் என்று கேட்பான். பதிலைக் கேட்டுக்கொண்டபின் உள்ளே போய் சாமானை எடுத்து வருவான். விலையைப் பற்றிப் பேரம் பேசலாம், சாமானைப் பற்றிப் பேச முடியாது. ஜன்னலோரம் மட்டும் ஒரு தட்டு இருந்தது. பளபளக்கும் பித்தளைக் கொக்கிகள், முலாம் பூசிய வளையங்கள், கைக்கு அடக்கமான நங்கூரங்கள், மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு. ஓட்டல் சுவர்களில் மாட்டுகிறவர்கள் வந்து வாங்குவார்கள். படகுக்காரன் யாராவது அதில் கை வைத்தால், “அது பார்க்கிறதுக்கு, கடலுக்கு இல்ல” என்று சொல்லி, கையிலிருந்தே வாங்கி வைத்துவிடுவான்.

வீட்டைக் கட்ட அவன் அந்தத் தட்டிலிருந்துதான் எடுத்தான். மஞ்சள் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும், இன்னொரு முனையைப் பித்தளைக் கொக்கியில் கோர்த்துத் தெருவிளக்குக் கம்பத்திலும் மாட்டினான். ஒரு ஏணியைச் சாய்த்துவைத்தான். காலையில் இறங்கினான், மாலையில் ஏறினான். டீச்சர் மட்டும் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பையனின் பட்டத்துக்குக்கூட இதைவிட நல்ல நூல் வாங்கினேன் என்று தெருவில் சொன்னாள். அவள்தான் இன்னொரு பேச்சையும் தொடங்கியவள். மனைவி இறந்தபோது ஆஸ்பத்திரி அறையில் கடைக்காரன் மட்டும்தான் இருந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று யார் கேட்டாலும் அவன் சுவரைப் பார்த்தான். பதில் வராத கேள்வியை ஊர் சும்மா விடாது. அவள் கைநீட்டி, “வாங்க” என்று அவனைக் கூப்பிட்டாளாம் என்று டீச்சர் சொன்னாள். அதனால்தான் வீடு கிளம்புகிறது, அதனால்தான் அவன் இப்படி ஏனோதானோவென்று கட்டியிருக்கிறான். கேட்டவர்களுக்கு இது பொருத்தமாகப் பட்டது. கடைக்காரன் காதுக்கும் அது வந்தது. அவன் மறுக்கவில்லை.

பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இருந்த மாமனார் காதுக்கும் வந்தது. அவர் தையல்காரர். மனைவியை முன்பே இழந்தவர், இருந்த ஒரே மகளும் இப்போது போய்விட்டாள். பேச்சு எட்டிய மறுநாள் தையல் மெஷினைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வீட்டை அண்ணாந்து பார்த்தார். கம்பத்தில் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தார். உப்புக்காற்றில் துத்தநாகம் கரைந்து பித்தளை அதற்குள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. நகத்தால் சுரண்டினார், சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அவருக்குப் படகுச் சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து, அந்த ஜன்னலோரத் தட்டிலிருந்து எத்தனை பேரின் கைகளை மருமகன் விலக்கியிருக்கிறான் என்று பார்த்தவர். ஏணியில் ஏறி, மகளின் அலமாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

மறுநாள் கடை திறந்ததும் அவர் வந்து கல்லாவுக்கு உள்பக்கம் போகாமல், வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றார். கடைக்காரன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“ஒரு வீட்டைக் கயிறு போட்டுக் கட்டணும். சாமான் வேணும்.”

“அதான் கட்டியிருக்கேனே மாமா.”

“அது நீங்க உங்களுக்குக் கட்டிக்கிட்டது. நான் எனக்குக் கேக்கறேன். இனிமே நான் அங்கதான் இருக்கப் போறேன், மெஷினை இறக்கியாச்சு.”

வெளியே ஒருவர் வாளியோடு வந்து, உள்ளே இருந்த அமைதியைப் பார்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். கடைசியில் கடைக்காரனின் வாய் பழக்கத்தில் திறந்தது.

“யாரு ஏறுவாங்க?”

“நானும் இன்னொருத்தரும். அந்தாளு கொஞ்சம் கவனமில்லாதவரு. அதையும் கணக்குல எடுத்துக்கங்க மாப்பிள்ளை.”

கடைக்காரன் உள்ளே போனான். எப்படியாவது போகட்டும் என்று தனக்காக நினைக்க அவனால் முடிந்தது. கல்லாவுக்கு வெளியே நிற்கும் ஒருவருக்கு அப்படி நினைத்துச் சாமான் எடுத்துக்கொடுக்க அவன் கைகளுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அவன் தேர்ந்தெடுத்தான். சங்கிலியைத் தரையில் நீட்டிப்போட்டு, ஒவ்வொரு கண்ணியையும் திருப்பி, பற்றவைத்த இடத்தில் விரலால் தடவிப் பார்த்தான். ஒரு கண்ணியில் துத்தநாகப் பூச்சு மெலிந்திருந்ததால் முழுச் சங்கிலியையும் ஒதுக்கிவிட்டு வேறொன்றை இழுத்தான். சங்கிலியையும் கயிற்றையும் இணைக்கும் ஷேக்கிள்களில் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண் இரும்பிலேயே அச்சாகியிருந்தவற்றை மட்டும் எடுத்தான். எவ்வளவு தாங்குவேன் என்று சொல்லக் கூச்சப்படும் சாமானை நம்பக் கூடாது என்றான். மனைவி இறந்த பிறகு அவன் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். கயிற்றுக்கு நைலான். இழுத்தால் கொடுத்து, விட்டால் திரும்பி வரும், காற்று சுண்டும்போது சட்டென்று அறுந்துபோகாது என்றான். பனியன் துணி என்று தையல்காரர் புரிந்துகொண்டார். ஷேக்கிளின் திருகாணி தானாகக் கழலாமல் இருக்கக் கம்பியால் கட்ட வேண்டும், அந்தக் கம்பியும் ஷேக்கிளின் ஜாதி உலோகமாகவே இருக்க வேண்டும், வேறாக இருந்தால் உப்பு பட்டதும் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்றான். உங்கள் அத்தையையும் என் தங்கையையும் ஒரே சமையலறையில் விட்டதுபோல என்றார் தையல்காரர். கடைக்காரன் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினான்.

நங்கூரம் இதற்கு ஆகாது என்று கண்டார்கள். நங்கூரம் பக்கவாட்டில் இழுத்தால் பிடிக்கும், மேலே இழுத்தால் கழன்றுகொள்ளும், படகுக்காரர்கள் நங்கூரத்தைத் தூக்குவதே அப்படித்தான். வீடோ மேல்நோக்கித்தான் இழுத்தது. எனவே துறைமுகத்தில் மிதவைகளை நிறுத்தப் பயன்படும் கான்கிரீட் பாளங்களை வரவழைத்துப் பழைய பள்ளத்தின் மூலைகளில் புதைத்தார்கள். ஓவர்சியர் தானே வந்து நின்று, அதைத் தரைத்தளம் என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டுப் போனார். ஜன்னல் கம்பியைக் கடைக்காரன் நம்பவில்லை. எவ்வளவு நல்ல சாமானும் அது மாட்டியிருக்கும் இடத்தின் பலத்துக்குத்தான் நிற்கும் என்று, வீட்டோடு எழும்பி வந்திருந்த அடித்தள விட்டத்தில் முழுக்கத் துளைத்து, பின்பக்கம் அகலமான இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கினான். ஏணியில் தலைகீழாகத் தொங்கி முடுக்கினான். வெயில், வியர்வை, கண்ணில் துரு. டீச்சர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், இனிமேல் நிழல் ஒரே இடத்தில்தானே விழும் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள். மஞ்சள் கயிறு ஜன்னலுக்கும் கம்பத்துக்கும் நடுவே அப்படியே கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

காற்று ஒரு முற்பகலில் வந்தது. துறையில் படகுகளை ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்டிருந்தார்கள். கடைக்காரன் மாமனாரைக் கீழே டீச்சர் வீட்டில் இருக்கச் சொன்னான். வாங்கின சாமான் மேல் சந்தேகமா என்று அவர் கேட்டார். இருவரும் மேலேயே இருந்தார்கள். வீடு எழும்பி, நான்கு கயிறுகளின் முழு நீளத்துக்கும் போய், அங்கே நின்று அதிர்ந்தது. பாத்திரங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. மஞ்சள் கயிறு முதல் வீச்சிலேயே அறுந்து ஜன்னலைக் கடந்து பறந்தது. பித்தளைக் கொக்கி இரண்டாக உடைந்து தெருவில் விழுந்ததை இருவரும் பார்த்தார்கள். வேறு எதுவும் கட்டாமல் இருந்திருந்தால் அந்த நிமிடத்தில் வீடு கடலுக்கு மேலே இருந்திருக்கும். கடைக்காரன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. தையல்காரர் ஊசியில் நூல் கோர்த்து மெஷினை மிதித்தார். ஒவ்வொரு முறை வீடு சுண்டும்போதும் நைலான் நீண்டு கொடுத்தது, மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டது. சங்கிலிகள் முனகின. ஷேக்கிள் ஒன்றுகூடக் கழலவில்லை. ஒரு கட்டத்தில் கடைக்காரன் தரையில் குப்புறப் படுத்து, விட்டத்தின் பக்கம் காதை வைத்து, போல்ட்டின் சத்தத்தைக் கேட்டான். பிடிச்சிருக்கு என்று சொன்னான். பிறகு இன்னொரு மூலைக்கு ஊர்ந்து போய் அங்கேயும் கேட்டு, இங்கேயும் பிடிச்சிருக்கு என்றான். நான்கு மூலைகளையும் கேட்டு முடித்தபோது அவன் கன்னமெல்லாம் தூசியாக இருந்தது. மாலை வெயில் வந்தபோது காற்று ஓய்ந்து, வீடு ஒரு ஆள் உயரத்துக்கு இறங்கி நின்றது. தையல்காரர் தைத்த தலையணை உறையின் ஓரம் கோணலாக வந்திருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை.

வீடு அதற்குப் பிறகு தரைக்கு வரவில்லை, கடலுக்கும் போகவில்லை. ஏணியின் இடத்தில் துறையில் இருப்பதுபோல ஏறி இறங்கும் நடைபாலம் ஒன்று வந்தது. தபால்காரர் அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறப் பழகினார். கீழே இருந்த நிழலில் டீச்சர் மாலை வகுப்பு நடத்தினாள், மழைக்கு ஒதுங்கியவர்கள் யார் வீடு என்று கேட்காமலே நின்றார்கள். ஒவ்வொரு காற்றுக்காலத்துக்கு முன்பும் கடைக்காரன் சங்கிலிக் கண்ணிகளை அளந்து, தேய்ந்ததை மாற்றினான். பழைய கயிறுகளைத் தையல்காரர் கால்மிதியாகப் பின்னினார். ஜன்னலோரத் தட்டு கடையில் அப்படியே இருந்தது, ஓட்டல்காரர்கள் வந்தார்கள். பல வருடங்கள் கழித்து அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிய ஓவர்சியர் அந்த வீட்டைப் பற்றி எந்தக் குறிப்பும் எழுதவில்லை. அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடு இருப்பது வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

காற்று நின்ற அந்த மாலையில்தான் தையல்காரர் அதைக் கேட்டார். இருவருக்கும் பசி எடுத்தது. கடைக்காரன் முட்டை பொரித்தான். சாப்பிட்டு முடித்து, தட்டில் விரலால் கோடு போட்டபடியே, நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றார் அவர். கடைசியில் என் மகள் உங்களைக் கூப்பிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அது நிஜம்தானா என்று கேட்டார். இத்தனை நாள் அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். கடைக்காரன் சுவரைப் பார்க்கவில்லை. முதலில் அவன் தோள்கள் குலுங்கின, அழுகிறான் என்று தையல்காரர் எழப்போனார், பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. அப்படி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை மாமா, அதனால்தான் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றான். அவன் கட்டில் விளிம்பில், ஃபேனை மறைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்தே வரல.”