அனந்தமதி கேட்ட ஒரு நாள்

சமணத் துறவு பூணப் போவதாகக் குணபத்திர நயினார் சொன்னபோது அனந்தமதி அழவில்லை. முப்பத்தொரு வருஷக் குடித்தனம். வல்லத்துக்குப் பக்கத்திலிருந்த நிலத்தை அவள் பேருக்கு எழுதியாயிற்று. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகளிடமும் சொல்லியாயிற்று. மிச்சம் அவளுடைய சம்மதம் ஒன்றுதான். மனைவி வாயால் சரியென்று சொல்லாமல் குரு தீட்சை கொடுக்கமாட்டார்.

"எனக்கு ஒரு நாள் குடுங்க," என்றாள். "செஞ்சிக் கோட்டைய முழுசா சுத்திக் காட்டுங்க. அப்பறம் சொல்றேன்."

அவர்கள் கொல்லையில் நின்றால் அந்தக் கோட்டை மலை தெரியும். ராஜாக்கள் இருந்து ஆண்ட தலைநகரம். எந்தெந்த ஊர்க்காரர்களோ வந்து பார்த்துப் போகிறார்கள். அவளோ பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம், முதல் பஸ்ஸில் இருவரும் போய் இறங்கினார்கள். பையில் எலுமிச்சைச் சோறும் வடிகட்டிய தண்ணீரும் இருந்தன. மனசுக்குள் அவள் வேறொன்றும் வைத்திருந்தாள். நாள் முழுக்கப் பழைய கதையெல்லாம் பேசி அவரைத் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்த்தாள். யானைக்குளத்தின் படியில் சற்று உட்கார்ந்தாள். நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் வௌவால்கள் படபடத்தன.

"எம்மாம் நெல்லு கொட்டி வெச்சிருப்பாங்க!"

"எம்மாம் வெச்சி இன்னா? கடைசியில வுட்டுட்டுத்தானே போனாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "எதைப் பாத்தாலும் இதே பாடந்தானா ஒங்களுக்கு?"



ராஜகிரி மலை ஏறும்போது அவள் மகள் பிறந்த கதையைச் சொன்னாள். அன்றைக்குப் பெய்த மழை, வண்டி மாடு சேற்றில் படுத்துக்கொண்டது, அவர் மாட்டோடு தானும் நுகத்தைப் பிடித்து இழுத்தது எல்லாம் சொன்னாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் ஊர்ந்த எறும்புச் சாரையை மிதிக்காமல் தாண்டினார். இன்னும் கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

உச்சிக்குப் பக்கத்தில் மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவே ஒரு மரப்பாலம். கீழே எட்டிப் பார்த்தவள் ஓர் அடி பின்வாங்கினாள். "கொஞ்சம் நில்லுங்க," என்றாள்.

அவர் காதில் விழவில்லை. பாலத்தைக் கடந்தார். அந்தப் பக்கம் படியேறி, வளைவில் திரும்பி மறைந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. வேணுமென்று விட்டுப் போகிறவர் இல்லை அவர். அவர் போய் ரொம்ப நாளாகிவிட்டது, உடம்பு மட்டும்தான் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெகுநேரம் கழித்து அவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஒன்ன மறந்தே பூட்டேம்மே! அங்கேயே நில்லு, நான் வர்றேன்."

"வராதீங்க. நானே வர்றேன்."

ஒவ்வொரு அடியாக வைத்து, குனிந்து பார்க்காமல், தனியாகவே கடந்தாள். மேலே போனதும் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. ஏரிகளும் கரும்புக் கொல்லைகளும் கீழே சின்னச் சின்னதாகக் கிடந்தன.

"போய்ட்டு வாங்க," என்றாள். பிறகு திருத்திக்கொண்டாள். "போங்க. எனக்குச் சம்மதம்."

அழுதது அவர்தான். கல்லில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஓயும்வரை காத்திருந்தாள்.

"எறங்கலாங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும்."

பங்குனியில் அவர் தீட்சை வாங்கினார். அந்த வருஷம் அனந்தமதி தானே நின்று ஆள் வைத்து அந்த நிலத்தில் மல்லாட்டைப் பயிர் போட்டாள். நயினார் உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாராமே என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களை அவள் பேசி முடிக்க விடவில்லை.

"வுட்டுட்டுப் போவல. நான்தான் அனுப்பி வெச்சேன்," என்றாள்.