தியான நோட்டில் மூன்று மார்க்

அக்கா, நீ தூங்கியிருப்பாய். நான் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு போனில் இதை அடிக்கிறேன். அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் தியான வகுப்பு வந்திருக்கிறது. மதியம் சாப்பிட்டதும் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சை எண்ண வேண்டும். பிறகு உள்ளே என்ன பார்த்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். அதைச் சார் திருத்துவார். இந்தக் கூத்தைக் கேட்டாயா? என் மனசுக்குள் நான் பார்த்ததற்குச் சிவப்பு மையில் மார்க்! பத்துக்கு நாலுக்குக் கீழே போனால் அதே பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும்.

வகுப்பில் யாரும் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாள், வாய் ஓயாதவள். தியானத்தில் குறட்டையே விடுவாள். எழுந்ததும், "ஒளி தெரிந்தது, மனம் அமைதியடைந்தது" என்று எழுதி ஒன்பது வாங்கிவிடுவாள். அவளைப் பார்த்து மொத்த வகுப்பும் ஒளியைக் காப்பியடிக்கிறது.

எனக்குத்தான் புத்தி கெட்டுப்போனது. "உண்மைய எழுதுங்க" என்று சார் சொன்னதை நம்பித் தொலைத்தேன்.

நேற்று நான் நிஜமாகவே எண்ணினேன். பதினேழாவது மூச்சில், பக்கத்து லேப் கதவில் யாரோ சாவியைத் திருப்பினார்கள். என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. நான் ஏற்றவில்லை அக்கா, தானாக ஏறின. வீட்டில் அப்பா சாவி போடும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருடமாகவோ! அதை அப்படியே எழுதினேன்.

மூன்று மார்க். கீழே, "இது தியானம் அல்ல, புகார்" என்று ஒரு வரி.

இன்று நேரே போய்க் கேட்டேன். "சார், நீங்கதானே உள்ள பாக்கச் சொன்னீங்க?"

"உள்ளன்னா இதுவா? நல்லதா ஏதாவது பாரும்மா. ஒளின்னு மாத்தி எழுது, எட்டு போடறேன். இல்லேன்னா நாளைக்கு அப்பா கையெழுத்தோட வா."

சந்தையில் பேரம் பேசுவதுபோல எட்டாம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அப்பா அடிக்கிறவர் இல்லை, உனக்கே தெரியும். தட்டு பறக்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை நீட்டினால் என்னவெல்லாம் பறக்கும்?

சாயங்காலம் அம்மாவிடம் காட்டினேன். ஒரு கையில் டம்ளரும் மறு கையில் சோப்பு நுரையுமாக நின்றபடியே படித்தாள்.

"கிழிச்சுப் போடுடி. ஒளின்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"நான் பாக்கலையேம்மா."

"ஆமா, நாங்க எல்லாம் ஒளியப் பாத்துத்தான் குடும்பம் நடத்தறோம்!"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவில் சாவி திரும்பியது. டம்ளர் அப்படியே நின்றது. அம்மாவின் தோள் இரண்டும் மேலே போயின.

"அம்மா, உன் தோளைப் பாரு."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தோளை, பிறகு இன்னொன்றை. அவற்றை இறக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள். சிவப்பு மைக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அப்பா கையெழுத்துதான் வேணும்னாரு."

"நாளைக்கு நானே வர்றேன். ஒளி எங்கன்னு அந்தாளு என்கிட்ட கேக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, பக்கத்தில் படுத்தவள் இன்னும் தூங்கவில்லை. நோட்டு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்கும் பயம் போகவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேலை கிடைத்தது என்று அவசர அவசரமாக ஹாஸ்டலுக்குப் போனாயே, அது வேலைக்காக மட்டும்தானா?

இதோ, சாவி.

தோள் ஏறிவிட்டது அக்கா. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே சமயத்தில்.