நடுவில் வந்த மெத்தைக்காரி

எங்கள் வீட்டு போனில் பேசக் காசு கிடையாது. பதிலுக்கு, சில நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பெண்குரல் வந்து எதையாவது விற்கும். இரண்டு பக்கத்துக்காரர்களும் கேட்டே ஆகவேண்டும். நம் காதை வாடகைக்கு எடுத்து, சோப்புக் கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் உள்வாடகைக்கு விடுகிற தொழில். கேட்டுவிட்டு ஒன்றாம் எண்ணை அழுத்தினால் அந்தக் கம்பெனி ஆளே நம்மைக் கூப்பிடுவார். போன் கம்பெனிக்கு நல்ல வரும்படி அந்த அழுத்தலில்தான். சிம்மை வாங்கிப் போட்டது நான். குடும்பப் பொருளாதாரத்துக்கு நான் ஆற்றிய தொண்டு அத்தோடு முடிகிறது.

அப்பா மெத்தை தைப்பவர். வாசல் அறைதான் பட்டறை. அக்கா அவரிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனதிலிருந்து அவர் பல்லிடுக்கில் எப்போதும் ஒரு ஊசி இருந்தது. பேச்சைத் தவிர்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

அக்காவுக்கு மாசம் ஏறிக்கொண்டே போனது. அம்மா அவளிடம், "நீயே பேசிடுடி. இந்தத் தடவை உறவை வெட்டிவிட்டார்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருந்தாள்.

மத்தியானம் அழைப்பு வந்தது. அப்பாவின் இரு கையும் பஞ்சுக்குள் இருந்ததால், ஸ்பீக்கரைப் போட்டு நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்பா. நல்லாருக்கீங்களா?"

அப்பா ஊசியை எடுத்தார். "இருக்கேன். நீ போனதுல இங்க ஒண்ணும் குறைஞ்சிடல."

"அப்புறம் எதுக்கு அழுதீங்களாம்? அம்மா சொன்னா."

"பஞ்சுத்தூசி பட்டா எவனுக்கும் கண்ணுல தண்ணி வரும்."

"எட்டு மாசம்பா. ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னைக் கேட்டா கட்டிக்கிட்ட? இதோ பாரு, இன்னையோட உனக்கும் எனக்கும்..."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதுகு வலியா? பூமேகம் மெத்தையில் படுத்துப் பாருங்கள். இருபது வருடம் ஆனாலும் குழி விழாது. மேலும் அறிய ஒன்றை அழுத்துங்கள்."

ஒரு கம்பெனியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு அன்றுதான்.

"இருபது வருஷமா?" அப்பாவின் குரலே மாறிவிட்டது. "எவ சொன்னா? உள்ள வெறும் ஸ்பாஞ்சு. ரெண்டு வருஷத்துல தொட்டியாயிடும்."



"ஆயிடுச்சுப்பா. அதைத்தான் வாங்கினோம். இடுப்பு விட்டுப்போகுது."

"அதுலயா படுத்திருக்க? இந்த நிலைமையில?"

"ம்."

"உன் புருஷன் எங்க படுக்கறான்?"

"தரையில."

"பரவால்ல, அவனுக்கு மூளை இருக்கு." மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. "கட்டில் என்ன அளவு?"

"தெரியலப்பா."

"மெத்தைக்காரன் பொண்ணு. கட்டில் அளவு தெரியாது. போய் ஒரு கயித்தை எடுத்து அள, நான் இருக்கேன்."

அவள் அளப்பதற்குள் டயர் விளம்பரம் வந்தது. நான் முணுமுணுத்தேன். "சும்மா இருடா, விளம்பரம் சொல்ற பொண்ணுக்கும் பொழப்பு" என்று அப்பா அதட்டினார். டயரின் பெருமை முழுவதையும் நாங்கள் மரியாதையாகக் கேட்டோம்.

அந்த வாரமே மெத்தை வேனில் ஏறியது. மடங்கிவிடக்கூடாது என்று அப்பாவும் கூடவே ஏறினார். அங்கே போய் மெத்தையைப் போட்டவர் பேத்தி பிறந்த பிறகுதான் திரும்பினார்.

இப்போது எனக்குப் பகுதிநேர வேலை. விளம்பரம் இல்லாத சிம்முக்கு மாறலாம் என்றேன்.

"வேண்டாம். அன்னைக்கு அந்தப் பொண்ணு நடுவுல வரலைன்னா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"அது உனக்கெதுக்கு."

நன்றிக்கடனாக, எந்த விளம்பரம் வந்தாலும் ஒன்றை அழுத்திவிடுகிறார். பூமேகம் ஆள் தவறாமல் கூப்பிடுகிறார். அவருக்கு அப்பா பொறுமையாக, பஞ்சை எப்படி அடிக்க வேண்டும், நடுவில் எவ்வளவு கூடுதலாக வைக்க வேண்டும் என்று விளக்குகிறார். அந்த ஆள் இன்றுவரை எங்களுக்கு ஒரு மெத்தையும் விற்கவில்லை. போன வாரம் மட்டும் குரலைத் தாழ்த்தி, தன் வீட்டுக் கட்டிலின் அளவைச் சொன்னார்.